யார் வைத்த பிக்சல்?

மக்களின் உடல்நலத் தகவலைக் காப்பதற்கான, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் 'மை ஹெல்த் மை டேட்டா' சட்டம் 2024 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்கு நாலு மாதம் முன்னால், அங்குள்ள ஒரு மருத்துவமனைக் குழுமத்தைத் தயார் செய்யும் வேலை எங்கள் அணிக்கு வந்தது.

"நாங்கள்தான் ஏற்கெனவே ஹிப்பாவுக்குக் கட்டுப்பட்டவர்கள் ஆயிற்றே, இது எங்களுக்கு எதற்கு?" முதல் கூட்டத்திலேயே கேட்டார்கள். ஹிப்பா என்பது நோயாளிகளின் மருத்துவத் தகவலைக் காக்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். நியாயமான கேள்விதான். அதே தேதியில் அமலான நெவாடா சட்டம் ஹிப்பாவுக்கு உட்பட்ட நிறுவனங்களை மொத்தமாகவே விட்டுவிடுகிறது. வாஷிங்டன் அப்படி விடவில்லை. ஹிப்பா காக்கிற நோயாளித் தகவலுக்கு மட்டும்தான் விலக்கு. அதே மருத்துவமனையின் கையில் உள்ள மற்ற உடல்நலத் தகவல் சட்டத்துக்குள் வந்துவிடும்.

அந்த 'மற்ற' தகவல் எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. எக்செல்லில் கேள்விப் பட்டியல் அனுப்பினோம். 'பொருந்தாது' என்று வரிசையாக நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஒரு மதியம் அவர்கள் இணையதளத்தில் பிரசவ வகுப்புக்குப் பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், பக்கம் எங்கெல்லாம் தகவல் அனுப்புகிறது என்று காட்டும் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன். நான் இன்னும் பெயரைக்கூடத் தட்டவில்லை. அதற்குள் வகுப்பின் பெயரோடு பக்கத்தின் முகவரி ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போயிருந்தது. இந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் அங்கே நோயாளிகளே அல்ல.

இப்படிப் பக்கத்தைப் பார்ப்பவரின் தகவலைக் கண்ணுக்குத் தெரியாமல் வெளியே அனுப்பும் சின்ன நிரல் துண்டுக்குப் பிக்சல் என்று பெயர். அந்தப் பிக்சலை வைத்தது யார்? மார்க்கெட்டிங் பிரிவு ஐடி பிரிவைக் கை காட்டியது, ஐடி பழைய ஏஜென்சியைக் காட்டியது. ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இத்தகைய பிக்சல்களை நிர்வகிக்கும் டேக் மேனேஜர் கருவியின் பாஸ்வேர்டு மட்டும் இன்னும் அவர்களிடமே!

இந்தச் சட்டத்தில் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். அதைச் சொன்ன பிறகுதான் கூட்டங்களுக்கு ஆள் சேர்ந்தது. முகப்பில் தனியாக ஒரு தனியுரிமை அறிக்கைக்கு லிங்க் வைப்பதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது.

படுத்தி எடுத்தது, தன் தகவலை அழிக்கும்படி ஒருவர் கேட்கும் அழிப்புக் கோரிக்கை. 45 நாளில் பதில் சொல்ல வேண்டும். தகவலை யாருக்கெல்லாம் கொடுத்தோமோ அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பேக்கப்பில் இருப்பதற்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. ஒத்திகைக்கு என் பெயரிலேயே அந்த வகுப்பில் பதிந்து, அப்புறம் அழிக்கச் சொன்னேன். பத்தாவது நாளே 'அழித்துவிட்டோம்' என்று பதில் வந்தது. அடடா, பரவாயில்லையே என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல்: 'உங்கள் குழந்தையின் முதல் மாதம்.' என் மகன் கல்லூரியில் படிக்கிறான். விசாரித்தால், வகுப்புகளைக் கவனிக்கும் அம்மா வசதிக்காக எல்லோருடைய பெயரையும் தன் கணினியில் தனி எக்செல்லில் வைத்திருந்திருக்கிறார். நாங்கள் அனுப்பிய கேள்விப் பட்டியல் அவரிடம் போகவே இல்லை.