கர்ப்பகாலக் கவுன்சலிங்: போர்டைப் பார்த்து உள்ளே போயிடாதீங்க

ஆறாம் மாசம். ஸ்கேன், சுகர், பிரஷர் எல்லாம் நார்மல். ஆனா விடியுறதுக்கு முன்னாடியே முழிப்பு தட்டிடும். குழந்தை அசையுதா இல்லையான்னு வயித்துல கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மா, "ஹார்மோன்மா, நல்ல பாட்டாக் கேளு"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

அப்புறம் போனது 'கவுன்சலர்'னு போர்டு மாட்டின ஒருத்தர்கிட்ட. "நீ அழுதா குழந்தையும் அழும்"னு சொல்லி ஆயிரம் ரூபாய் வாங்கிக்கிட்டார். வீடு வர்ற வரைக்கும் அழுதேன். கவுன்சலர்னு யார் வேணும்னாலும் போர்டு வச்சுக்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கணும். கூச்சப்படாம கேளுங்க.

14416க்குப் போன் பண்ணினேன். டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரியும் எடுக்குறாங்க, தமிழ்லயே பேசலாம். அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.க்குப் போகச் சொன்னாங்க. போனா, சைக்காலஜிஸ்ட் தினமும் வர்றதில்லையாம். ஓ.பி. சீட்டு போடுற இடத்துல இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெயில்ல காத்துக் கிடந்திருக்க மாட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடி எந்தக் கிழமைன்னு விசாரிச்சுடுங்க.

அடுத்த தடவை எடின்பரோ படிவம், அதாவது மனச்சோர்வு இருக்கான்னு பார்க்கிற கேள்வித்தாள். போன ஏழு நாள் எப்படி இருந்தீங்கன்னு பத்துக் கேள்வி. நர்ஸ் வராண்டாவுல வச்சே சத்தமா வாசிக்க ஆரம்பிச்சாங்க, பக்கத்துல என் மாமியார். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கிற எண்ணம் வந்துச்சாங்கிறது. மாமியாரை வச்சுக்கிட்டு எவ உண்மையைச் சொல்லுவா? "குடுங்க சிஸ்டர், நானே எழுதிக்கிறேன்"னு வாங்கிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அன்னைக்கு நான் ஜெயிச்சது அதுதான்.

அதுக்கப்புறம் சைக்காலஜிஸ்ட்கிட்ட சி.பி.டி., அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்திப் பார்க்கிற பேச்சு சிகிச்சை. அது ஒழுங்காவே போச்சு. நோட்டுல மூணு கட்டம்: பயம், அதுக்கு ஆதாரம், வேற என்னவா இருக்கலாம். கவலைப்படுறதுக்குன்னே சாயங்காலம் கால் மணி நேரம். ஆனா, "அசைவு நிஜமாவே குறைஞ்சா நோட்டை எடுக்காதே, நேரா பிரசவ வார்டுக்கு வா"ன்னு அந்த சைக்காலஜிஸ்ட் மேடம் கறாராச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க மேல நம்பிக்கையே வந்துச்சு.

குழந்தை பிறந்து ஆறாவது வாரம் அதே படிவத்தை மறுபடி எழுதணும்னு சீட்டுல குறிச்சுக் குடுத்திருக்காங்க. "அன்னைக்குப் பிள்ளையை நீங்க வச்சுக்குங்க அத்தை, உள்ளே நான் மட்டும் போறேன்"னு இப்பவே சொல்லி வச்சுட்டேன்.