போடிமெட்டு ஏலக்காய் ஸ்டோருக்கு ஒரு பிஎஸ்பி: இதுவரை

பிஎஸ்பி என்பது ஒரு பலகையில் லினக்ஸ் ஓடத் தேவையான மென்பொருள் தொகுப்பு. இங்கே நோக்கம் சின்னதுதான். பச்சைக் காய் உலரும்போது ஸ்டோருக்குள், அதாவது உலர்த்தும் கூடத்துக்குள், சூடு 45 முதல் 55 டிகிரிக்குள் நிற்கிறதா என்று விடிய விடியப் பதிய வேண்டும். பலகை பீகிள்போன் பிளாக் என்னும் சிறு கணினி. சூட்டுக்கு நான்கு டிஎஸ்18பி20 சென்சார், நேரத்துக்கு ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சிப். லினக்ஸைக் கட்டித்தரும் யாக்டோவில், சிப் தயாரிப்பாளரான டிஐயின் லேயரை (அமைப்புக் கோப்புகளின் தொகுதி) தொடாமல் தனி லேயர், பலகையை விவரிக்கும் தனி மெஷின் கோப்பு. பிறகு பதிப்பு மாற்றும்போது இதன் அருமை தெரியும்.

பலகையின் பூட் செய்திகளைப் பார்க்க உதவும் சீரியல் கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும். ஜே1 வரிசையில் 1 கிரவுண்ட், 4 ஆர்எக்ஸ், 5 டிஎக்ஸ், வேகம் 115200. எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆக எஸ்2 பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும், ரீசெட் அடித்தால் போதாது. ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ வரியோடு எல்லாம் அடங்கிவிட்டால் முதலில் கன்சோல் (செய்திகள் வெளிவரும் சீரியல் போர்ட்) பெயரைப் பாருங்கள். பழைய குறிப்புகளில் இருப்பது டிடிஒய்ஓ0. இப்போதைய டிரைவருக்கு டிடிஒய்எஸ்0.

அதிக நேரத்தைத் தின்றது டிவைஸ் ட்ரீ, அதாவது பலகையில் எந்தப் பின்னில் எது இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம். சூட்டுச் சென்சார்கள் பேசும் ஒன்-வயர் இணைப்புக்கு பி9 வரிசையின் 12ஆம் பின், அதாவது ஜிபிஐஓ1 (பொதுப் பயன்பாட்டுப் பின் தொகுதி)-இன் 28. அந்தப் பின்னை ஜிபிஐஓவாக்க மக்ஸ் மோடு 7. தனி டிடிஎஸ் (டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்பு) எழுதி, கம்பைல் ஆகி, கார்டிலும் ஏறிய பிறகும் சென்சார் ஒன்றுகூடத் தெரியவில்லை. கோப்பில் பிழையே இல்லை. கெர்னலை ஏற்றும் யூ-பூட், பலகையின் ஈப்ராமில் (சிறு நினைவகச் சிப்) உள்ள பெயரைப் படித்து, வழக்கமான போன்பிளாக் டிடிபியை (கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீ) தானே எடுத்துக்கொள்கிறது; புதியதைச் சீண்டுவதே இல்லை, எச்சரிக்கையும் கிடையாது. யூ-பூட் படிக்கும் எக்ஸ்ட்லினக்ஸ் அமைப்புக் கோப்பில், எந்த டிடிபி வேண்டும் என்று சொல்லும் எஃப்டிடி வரியைச் சேர்த்ததும் சரியானது. அதனால் டிடிஎஸ்ஸில் மாடல் பெயரை மாற்றி வைத்து, பூட் ஆனதும் ப்ராக் அடைவின் டிவைஸ்-ட்ரீக்குள் அந்தப் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மற்றதைத் தேடுங்கள்.

டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை மேல் மின்னழுத்தத்தில் நிறுத்தும் மின்தடை) கட்டாயம். சிப்புக்குள் இருக்கும் புல்-அப் பலவீனமானது. எல்லாச் சென்சாருக்கும் மூன்று கம்பி இழுங்கள். ஸ்டோர் சூடேறாத நேரத்திலும் 85 டிகிரி என்று காட்டினால் பதறி அடுப்பை அணைக்க வேண்டாம்: அது மின்சாரம் வந்தவுடன் சென்சாரில் நிற்கும் தொடக்க மதிப்பு. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி வினாடி வேண்டும், அதற்குள் மின்னழுத்தம் சரிந்தாலும் இதே எண்தான்.

டிஎஸ்3231 மாட்யூலுக்கு 3.3 வோல்ட் மட்டும். 5 கொடுத்தால் அதன் புல்-அப் வழியாக பி9-19, 20 பின்களுக்கு 5 வோல்ட் போய்ச் சிப்பைக் கெடுக்கும். இன்னொரு சிக்கல்: பலகையின் முதன்மைச் சிப்பில் உள்ள கடிகாரம் ஆர்டிசி0 (கெர்னலின் முதல் கடிகாரம்) என்று முந்திக்கொள்கிறது, அதற்கு பேட்டரி இல்லை. மேட்டில் கரண்ட் போய் வந்தால் தேதி பழசாகிவிடும். டிடிஎஸ்ஸின் அலியாஸ் (மாற்றுப் பெயர்) பகுதியில் ஆர்டிசி0-வை டிஎஸ்3231-க்குக் கொடுத்து, டிரைவரை மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டினால் தீரும்.

மிச்சம்: ரூட் கோப்பமைப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டுவது, பதிவுகளுக்குத் தனிப் பார்ட்டிஷன்.