சேற்றுப்புண்ணும் சிவந்த காலும்: ஒரு மழைக்கால வார்டின் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 21, திங்கள்

சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வந்துவிட்டால், எங்கள் பெண்கள் பொது மருத்துவ வார்டுக்குச் சிவந்த கால்கள் வரத் தொடங்கிவிடும். இன்று சேர்ந்தவர் ஐம்பது வயதைக் கடந்த நடவுத் தொழிலாளி. இளவயதில் வந்த யானைக்கால் நோயால் இடது முழங்காலுக்குக் கீழே வீக்கம் நிலைத்துவிட்டது. நேற்று மாலை குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டு, தொடை இடுக்கில் நெறி கட்டி, இரவுக்குள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவந்து கொதிக்கிறது. வருடத்திற்கு மூன்று நான்கு முறை இப்படி வருவதாகவும், எல்லாம் கொசுவால் வந்த வினை என்றும் சொன்னார். எங்கள் பகுதியில் யானைக்கால் புழுவைப் பரப்புவது க்யூலெக்ஸ் கொசுதான். ஆனால் வீங்கிய காலில் திரும்பத் திரும்ப வரும் இந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் புழு நேரடிக் காரணமன்று. தோல் வெடிப்பின் வழியே உள்ளே புகும் பாக்டீரியாக்கள், அவற்றிலும் குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ், காரணம்.

சுண்டுவிரலை அடுத்த விரலிலிருந்து மெல்லப் பிரித்துப் பார்த்தேன். மருதாணி அரைத்து வைத்த கறைக்கு நடுவே தோல் ஊறி வெளுத்திருந்தது. அதன் அடியில் நூல் கனத்தில் ஒரு வெடிப்பு ஈரமாகத் தெரிந்தது. சேற்றுப்புண். காலின் சிவப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதப்பட்டிருந்த கேஸ் ஷீட்டில் விரலிடுக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவைத்துப் பென்சிலின் ஊசியைத் தொடங்கினோம்.

அக்டோபர் 23, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது, சிவப்போ கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை பரவியிருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டும் என்று பயிற்சி மருத்துவர் வற்புறுத்தினார். கிருமிகள் மடியும்போது அழற்சி ஓரிரு நாள் கூடித் தெரிவது வழக்கம் என்பதால், நோயாளி தெளிவாக இருக்கும்போது கோட்டை மட்டும் பார்த்து மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றளவும் பென்சிலினுக்குக் கட்டுப்பட்டே வருகிறது. அப்படியிருந்தும் வெளியிலிருந்து அனுப்பப்படும் பலரது சீட்டில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென வைத்திருக்க வேண்டிய மருந்துகளைப் பார்க்கிறேன். வலிமையான மருந்து என்றால் நல்ல மருந்து என்னும் எண்ணம் நோயாளிகளைவிட மருத்துவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

அக்டோபர் 26, சனி

இரவுப் பணியில் சற்று ஓய்வு கிடைத்ததால் 1999இல் வெளியான பிரெஞ்சு ஆய்வை மறுபடி படித்தேன். ஏழு மருத்துவமனைகளில் காலில் செல்லுலைட்டிஸ் (அந்த அம்மாவின் சிவந்த காலைப் போல, தோலிலும் அதன் அடியிலும் பரவும் பாக்டீரியா தொற்று) கண்ட 167 பேரை, அந்நோய் இல்லாத 294 பேருடன் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. நிணநீர் வடியாமல் தேங்கும் வீக்கம் (யானைக்கால் வீக்கமும் இவ்வகைதான்) உள்ளவர்களிடம் ஆபத்து விகிதம் 71 மடங்குக்கு மேல். தோலில் ஏதேனும் ஒரு நுழைவாயில் இருப்பவர்களிடம் ஏறக்குறைய 24 மடங்கு. நுழைவாயில்களில் முதலிடம் விரலிடுக்குப் புண்ணுக்கு: அதை அடியோடு போக்கிவிட முடிந்தால் இந்நோயில் பத்தில் ஆறு பங்கைத் தவிர்க்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். சர்க்கரை நோய், மது, புகை ஆகியவற்றுக்கு அவர்கள் தரவில் தொடர்பு தென்படவில்லை. சிவந்த காலைக் கண்டதும் நாங்கள் முதலில் கேட்பது சர்க்கரை அளவைத்தான். கேட்கட்டும், தவறில்லை, விரல்களைப் பிரித்துப் பார்க்க அதைவிடக் குறைந்த நேரமே ஆகும்.

நவம்பர் 2, சனி

இரண்டு கால்களும் சிவந்த ஒரு மூதாட்டியை செல்லுலைட்டிஸ் என்று சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை, நெறி இல்லை, அரிப்புதான் அதிகம். சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வரும் தோல் அழற்சி இது. ஊசியை நிறுத்திக் காலை உயர்த்தி வைக்கச் சொன்னோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அவசரப் பிரிவு வழியாக இந்த நோயறிதலுடன் சேர்க்கப்பட்ட 259 பேரை ஆராய்ந்தபோது 79 பேருக்கு அந்நோயே இல்லை என்று 2017இல் எழுதினார்கள். அந்தப் பெரிய மருத்துவமனையின் நிலையே அது.

நவம்பர் 9, சனி

நடவுத் தொழிலாளி அம்மா வீடு திரும்புமுன் கேட்டார்: "டாக்டரம்மா, இது மறுபடி வராம இருக்க ஒரு ஊசி போட்டுவிடக் கூடாதா?" நியாயமான கேள்வி. இதற்கான தெளிவான பதில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 28 மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான பேட்ச் ஆய்விலிருந்து கிடைக்கிறது. குறைந்தது இரண்டு முறை செல்லுலைட்டிஸ் கண்ட 274 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பென்சிலின் 250 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு இருமுறை ஓராண்டு கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. அந்த ஓராண்டில் நோய் திரும்பியவர்கள் பென்சிலின் குழுவில் நூற்றுக்கு 22 பேர், மற்றதில் 37 பேர். மருந்தை நிறுத்திய பிறகு தொடர்ந்து கவனித்தபோது இரு குழுக்களிலும் நூற்றுக்கு 27 பேர் என்று சமமாகிவிட்டது. சாப்பிடும் காலம் வரைதான் மருந்து காவல் நிற்கிறது.

இன்னொன்றும் அந்த ஆய்வில் இருக்கிறது. அதைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம். உடல் எடை மிகுந்தவர்கள், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோய் கண்டவர்கள், ஏற்கெனவே கால் வீக்கம் உள்ளவர்கள் ஆகியோரிடம் பென்சிலின் அவ்வளவாகப் பலிக்கவில்லை. எங்கள் வார்டில் படுத்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்தப் பட்டியலில் அடங்குவார்கள். மூன்று வாரத்திற்கு ஒருமுறை, உடலில் நீண்ட நாள் தங்கும் பென்சாதின் பென்சிலின் ஊசியை 12 லட்சம் யூனிட் போடும் வழக்கத்தை நான் விட்டுவிடவில்லை. அந்த அம்மாவுக்கும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதியில் கால் கவனிக்கப்படாமல் போவதுதான் எனக்குக் கவலை.

நவம்பர் 16, சனி

காலைச் சுற்று முடிந்ததும் வார்டு சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் பேசின், சோப்பு, பழைய பருத்தித் துண்டு ஆகியவற்றுடன் வந்து, வீக்கமுள்ள நால்வரை அழைத்துக் கால் கழுவக் காட்டிக் கொடுத்தார். வீக்கம் தொடங்கும் மேற்பகுதியிலிருந்து கீழ்நோக்கிச் சோப்பை உள்ளங்கையால் தடவ வேண்டும். பிரஷ், நார் எதுவும் கூடாது. தோல் மடிப்புகளுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் காஸ் துணியைத் திரியாக முறுக்கி இழுத்துத் துடைக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை அலசி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். உலர்த்துவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: கழுவிய காலை ஈரத்துடன் செருப்பில் நுழைத்தால் கழுவாமலே இருந்திருக்கலாம். வெடிப்பு ஆறும்வரை க்ளோட்ரிமசோல் என்னும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு. விட்ஃபீல்ட் களிம்பு மலிவானதுதான், ஆனால் திறந்த வெடிப்பில் அது எரியும், எரிந்தால் மறுநாள் எவரும் போட மாட்டார்கள்.

இது செவிலியர் வேலை, ஆராய்ச்சி வேறு என்று நினைப்பவர்கள் ஆலப்புழைக்காரர்களின் ஆய்வைப் படிக்க வேண்டும். 1990களில் அங்குள்ள மருத்துவக் கல்லூரியினர், யானைக்கால் நோயாளிகளுக்கு வரும் இந்தக் காய்ச்சலைத் தடுக்க யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மருந்து, பென்சிலின், பாதப் பராமரிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டனர். காய்ச்சலைத் தடுப்பதில் டி.இ.சி.க்குப் பங்கில்லை; ஆரம்பநிலை வீக்கத்திற்குப் பாதப் பராமரிப்பே போதுமாக இருந்தது; வீக்கம் முற்றியவர்களுக்கு மட்டும் நீண்டகால ஆண்டிபயாடிக் தேவைப்படலாம் என்றார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் மருத்துவர் கெருசா ட்ரேயர் நோயாளிகளைக் குழுக்களாகக் கூட்டிக் கால் கழுவக் கற்றுக்கொடுத்ததும் இதே வழிதான். டாக்சிசைக்ளின் என்னும் ஆண்டிபயாடிக்கை ஆறு வாரம் கொடுத்தால் வீக்கமே குறையும் என்று கானாவிலிருந்து 2012இல் வந்த முடிவு பெரும் நம்பிக்கை ஊட்டியது. ஆனால் அனைவருக்கும் கால் பராமரிப்பு கற்பித்துவிட்டு மாலியிலும் இலங்கையிலும் மறுபடி சோதித்தபோது, மருந்து குழுவும் போலி மாத்திரைக் குழுவும் ஏறக்குறைய ஒன்றாகவே முடிந்தன. மருந்து தோற்றது என்று மட்டும் இதைப் படித்தவர்கள் உண்டு. இரு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தது பேசினும் சோப்பும் என்று நான் படிக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

ஓயாத மழை. புறநோயாளிப் பிரிவில் கூட்டமில்லை. வந்தவர்கள் அனைவரின் கால்களும் ஊறியிருந்தன.

டிசம்பர் 7, சனி

நடவுத் தொழிலாளி அம்மா ஊசிக்கு வந்தார். விரலிடுக்கு காய்ந்து தோல் மூடியிருக்கிறது. மருதாணியை விடவில்லையாம், வெடிப்பு இல்லாதவரை அதில் எனக்கு மறுப்பில்லை, சிவப்பை மறைக்கிறதே என்பதைத் தவிர.

வீக்கத்திற்கு அழுத்தக் காலுறை தரலாமா என்று உடற்பயிற்சிச் சிகிச்சையாளருடன் பேசினேன். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 84 பேரிடம் நடந்த ஆய்வில் காலுறை அணிந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கும், அணியாதவர்களில் 40 பேருக்கும் நோய் திரும்பியது; வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி 2020இல் வெளியிட்டார்கள். ஆனால் சேற்றில் இறங்கும் காலுக்கு நாள் முழுதும் காலுறை எப்படிப் பொருந்தும்? வயலுக்குப் போகாத நாட்களிலும், வேலை முடிந்து கழுவி உலர்த்திய பிறகு படுக்கும்வரையிலும் அணிவதென்று முடிவு செய்தோம். பாதத்தில் நாடி நன்றாகக் கிடைத்தது, ஆகவே அழுத்தம் கொடுப்பதில் தடையில்லை. இப்படிப் பகுதி நேரம் அணிந்தால் எவ்வளவு பலன் என்பதைக் கான்பெரா ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது; எங்கள் நோயாளிகளிடம் நாங்களே கணக்கு வைக்க வேண்டும்.

அதற்காகக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: இரு பாதங்களின் விரலிடுக்குகளும் பார்க்கப்பட்டனவா, வெடிப்பு உண்டா இல்லையா. ஊசிக்கு வருபவர்களுக்கும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி அந்த வரியை நிரப்பிய பிறகே ஊசி போட வேண்டும் என்று சிஸ்டரிடம் பேசி முடித்தாயிற்று. அடுத்த குறுவை நடவு வரை இதைத் தொடர்வோம்.