இடையன்குடிக் கோயிலில் ஒரு ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். 1785இல் கிளாரிந்தா கட்டியது. சனிக்கிழமை மதியம் நான் போனபோது உள்ளே யாரும் இல்லை. வெயிலுக்குச் சுவரோரம் உட்கார்ந்து, அந்த அம்மாளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்துவந்த நாளில் ஞானஸ்நானம் கேட்டார். அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் (பாதிரியாரை இங்கே ஐயர் என்பார்கள்) மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கிடைத்தது. ஒரு தடவை ‘இல்லை’ என்று சொல்லக் கேட்டவர் மனம் கசந்து விலகிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். வெவ்வேறு சாதிக்காரர்கள். முதல் பெயர் கிளாரிந்தா. 40 பேர் கூடுகிற இடத்தில் ஒருவர் வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும் இல்லையா? அந்த நினைப்புதான் என்னைக் குத்தியது.

2020 ஊரடங்கில் ஆலயங்களை மூடினார்கள். அப்போது கைப்பேசியில் ஆராதனை பார்த்தது பெரிய ஆறுதலாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன். கதவுகள் திறந்த பிறகும் நான் கைப்பேசியிலேயே இருந்துவிட்டேன். நல்ல பிரசங்கம், நல்ல பாட்டு, எல்லாம் வீட்டிலேயே கிடைத்தது. ஒரு வாரம் பார்க்காமல் விட்டேன், அப்புறம் ஒரு மாதம். நான் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. அப்படித் தெரியாமலே இருக்க முடிந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் திசையன்விளைக்குப் பஸ் ஏறி, இடையன்குடியில் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பனைமரமும் செம்மண்ணுமாக இருக்கிற பூமி. மொழி படித்தவர்களுக்குக் கால்டுவெல் என்றால் ஒப்பிலக்கணம். பெரியம்மாவுக்கு அவர் கோயில் கட்டின ஐயர், அவ்வளவுதான். 1847இல் கட்டத் தொடங்கிய திரித்துவ ஆலயத்தை 1880இல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். தொடங்கும்போது ஐயருக்கு வயது 33, முடிந்தபோது 66. அவருடைய கல்லறையும் அந்த ஆலயத்துக்குள்ளேயே, பலிபீடத்தின் கீழே இருக்கிறது. இடைப்பட்ட அந்த 33 வருஷத்தில் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் எத்தனை பேர் கூரையைப் பார்க்காமலே போயிருப்பார்கள்! கண் முன்னால் கோபுரம் இல்லாதபோதும் ஞாயிறு தவறாமல் கூடியிருக்கிறார்களே, அவர்கள்தான் அந்தச் சபை என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே பெரியம்மா வெள்ளைச் சேலை கட்டித் தயாராக இருந்தார். ஒரு பையில் பிடியரிசி. தினமும் உலையில் போடுமுன் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைப்பது. அவருடைய அம்மா காலத்துப் பழக்கம். கோயிலுக்குள் அந்த உயரமான சன்னல்களிலிருந்து வெளிச்சம் விழ, நூறு குரல்கள் ஒன்றாகப் பாமாலை பாடின. எனக்கு முதல் அடியிலேயே தொண்டை அடைத்துவிட்டது. என் குரலைப் பக்கத்துக் குரல் தாங்கிக்கொண்டது. மூன்று வருஷமாகக் காதில் செருகிய கருவியில் எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன், இது நடந்ததே இல்லை.

பிரசங்கம் நடுவில் பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கவனம் சிதறுகிறாரே என்று நினைத்தேன். நற்கருணை முடிந்து வெளியே வந்ததும் நாலைந்து பெண்களிடம் ஒரே கேள்வி: “மதினியைக் காணலையே, போன வாரமும் வரலையே?” ஒருவர் சொன்னார், முழங்கால் வலியாம். சரி, வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் கூடவே வந்தார்கள். போகிற வழியில், வரப்போகிற அசனப் பண்டிகைக்கு யார் வெங்காயம் உரிப்பது என்று பேச்சு. ஊரே சேர்ந்து சமைத்து, இருக்கிறவர் இல்லாதவர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது.

‘சபை கூடிவருதலை விட்டுவிடாமல்’ என்று பைபிளில் எபிரெயர் நிருபத்தில் வருகிற வசனத்தை நான் எப்போதும் ஒரு கண்டிப்பாகவே கேட்டிருக்கிறேன். அதே வசனம் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லவும் சொல்கிறது. ஒருவருக்கொருவர் என்றால் எதிரில் ஒருவர் இருக்க வேண்டுமே.

அந்த ஆச்சி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். முதலில் கேட்டது, “இன்னைக்கு என்ன பாட்டு பாடுனீங்க?” நால்வரும் நின்றபடியே ஒரு சரணம் பாடினோம். அவர் உதடு மட்டும் அசைந்தது. ஜெபம் செய்து கிளம்பும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பத்து ரூபாய் நோட்டை நீட்டினார். “ரெண்டு வாரக் காணிக்கை. என் பேரைச் சொல்லிப் போட்டுரு.”

பெரியம்மா வாங்கவில்லை. முடிச்சைத் திரும்பப் போட்டுவிட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டோ பிடிச்சிட்டு வாரேன் மதினி. நீங்களே வந்து போடுங்க.”