அமால்ஃபிக்குப் போனால் மலை மேலே தங்குங்கள்

இத்தாலியில் இருக்கிற அமால்ஃபி கடற்கரைக்குப் போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு முதல் வேலையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே கடலோரத்தில் அறை எடுக்காதீர்கள். மேலே அஜெரோலா என்கிற மலை ஊரில் எடுங்கள். அக்டோபர் இரண்டாம் வாரம் நானும் அக்காவும் போய்விட்டு வந்தோம். கடலோர ஊரான பொசிட்டானோவில் ஒரு இரவுக்கு 280 யூரோ கேட்ட அதே தேதிக்கு, அஜெரோலாவில் சமையலறையோடு இரண்டு கட்டில் போட்ட அறை 65 யூரோவுக்குக் கிடைத்தது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் வயிற்றைக் கலக்கும். காசு மட்டும் காரணமில்லை. நல்ல நடைபாதைகள் மேலே இருந்துதான் தொடங்குகின்றன. அவற்றில் நடக்காமல் திரும்பி வந்தவர் இந்தக் கடற்கரையைப் பார்த்தார் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது காரும் பஸ்ஸும் போகிற கடலோரச் சாலை 19ஆம் நூற்றாண்டில் போட்டது. அதற்கு முன்னால் பல நூறு வருஷம் ஊர் விட்டு ஊர் போக இரண்டே வழிதான். ஒன்று படகு, இன்னொன்று கோவேறு கழுதை ஏறுகிற கல்படி. எலுமிச்சை, பால், விறகு, கல்யாண ஊர்வலம் எல்லாம் அந்தப் படிகளில்தான் ஏறி இறங்கியிருக்கின்றன. இன்றைக்கு நாம் ட்ரெக்கிங் என்று தேடிப் போகிற பாதைகள் அந்த ஊர்க்காரர்களின் பழைய நெடுஞ்சாலைகள்.

சலேர்னோவில் இருந்து படகில் அமால்ஃபி வந்து இறங்கினோம். அதுவரை எல்லாம் சுகம். அஜெரோலா பஸ்ஸுக்காகத் துறைமுகத்து ஓரச் சதுக்கத்தில் நின்றபோதுதான் சோதனை ஆரம்பித்தது. வரிசை என்று எதுவும் இல்லை. பஸ் வந்து நின்றதும் ஐம்பது அறுபது பேர் ஒரே கதவை நோக்கி நெருக்கினார்கள். முதல் பஸ் நிரம்பிப் போய்விட்டது. அடுத்தது சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அறிவிப்பும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை. உலகம் முழுக்க இருந்து ஆட்களை வரவழைக்கிற ஊரில் இது ரொம்பத் தப்பு. டிக்கெட்டை பஸ்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி நிற்காதீர்கள். ‘தபாக்கி’ என்கிற புகையிலைக் கடையில் முன்னாலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் ஏறி உட்கார்ந்த பிறகு அந்த ஓட்டுநரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஃபுரோரே வழியாக மலை ஏறுகிற கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீளமாக ஒரு ஹாரன். ஒரு வளைவில் எதிரே இன்னொரு பஸ் வந்துவிட்டது. இரண்டு ஓட்டுநர்களும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். எங்கள் பஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டு விரல் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்தன. என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சாலையே தெரியவில்லை, நேராகக் கடல்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசத்தை முணுமுணுத்தாள்.

அஜெரோலா கடல் மட்டத்தில் இருந்து 600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சாயங்காலம் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். இந்த மலைத்தொடருக்கு லத்தாரி என்று பெயர், பாலை வைத்து வந்த பெயர். மறுநாள் காலையில் அந்தப் பெயருக்கு அர்த்தம் நாக்கில் தெரிந்தது. அஜெரோலாவின் ஒரு பகுதியான பொமெரானோவில், சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. நடையின்போது சாப்பிட ஏதாவது கட்டிக் கொடுங்கள் என்று சைகையில் கேட்டோம். கடைக்கார அம்மா கெட்டியான மேல்தோல் உள்ள ரொட்டியைப் பிளந்தார். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த ஃபியோர் தி லாத்தே உருண்டை ஒன்றை எடுத்தார். பசும்பாலில் செய்கிற மொசரெல்லா அது. கத்தி வைத்ததும் பால் வழிந்தது. தக்காளி, துளசியைப் போல மணக்கிற பசிலிக்கோ இலை நாலு, ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். ஒன்று நாலரை யூரோ. ஐந்து நாள் பயணத்தில் நான் சாப்பிட்ட சிறந்த சாப்பாடு இதுதான், மேசையும் துணி விரிப்பும் இருந்த எந்த ஓட்டலும் பக்கத்தில் வரவில்லை. புரோவோலோனே தெல் மோனாக்கோ என்கிற பழுக்க வைத்த சீஸையும் ஒரு துண்டு வெட்டிச் சுவைக்கக் கொடுத்தார். ‘மோனாக்கோ’ என்றால் துறவி. அந்தக் காலத்தில் இதைப் படகில் நேப்பிள்ஸுக்குக் கொண்டு போனவர்கள் குளிருக்குப் போர்த்திய கம்பளி, துறவி அங்கி மாதிரி இருக்குமாம். அதனால் வந்த பெயர் என்று அங்கே சொல்கிறார்கள்.

சரி, பாதைக்கு வருகிறேன். சென்டியேரோ தெலி தேய், தெய்வங்களின் பாதை. பொமெரானோவில் தொடங்கி நொச்செல்லே என்கிற குக்கிராமம் வரை, ஆறு ஏழு கிலோமீட்டர். பொமெரானோவில் இருந்து நொச்செல்லே பக்கம் நடங்கள், மாற்றி நடக்காதீர்கள். இந்தப் பக்கம் நடந்தால் பெரும்பாலும் இறக்கம், காப்ரி தீவும் வழி நெடுக முன்னாலேயே நிற்கும். பாறையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு தீட்டியிருக்கிறார்கள், வழி தவறாது. மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். நாங்கள் நின்று நின்று போனதில் நாலரை ஆனது.

தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே க்ரோத்தா தெல் பிஸ்கோத்தோ. மலை வாய் பிளந்த மாதிரி ஒரு பெரிய பாறைக் குடை, அதன் மடியில் ஒட்டிக் கட்டிய பழைய கல் வீடுகள். அதைத் தாண்டியதும் இடது பக்கம் திறந்துவிடும். கீழே, வெகு கீழே, பிரையானோ ஊரின் வெள்ளை வீடுகள். அதற்கு அப்பால் கடல், நடுவே லி கல்லி தீவுகள். பாடி மயக்கிக் கப்பல்களைப் பாறையில் மோத வைத்த சைரன் மோகினிகள் வாழ்ந்ததாகக் கிரேக்கக் கதை சொல்கிற தீவுகள் அவை. எதிர்க்கோடியில் காப்ரி. காற்றில் ரோஸ்மேரி வாசனை. வழியெல்லாம் கொர்பெத்சோலோ என்கிற புதர்மரம். அதில் ஒரே கிளையில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் சேர்ந்தே இருந்தன. போன வருஷத்துப் பூ இந்த வருஷம்தான் பழமாகிறது. நான் ஒன்று பறித்துச் சாப்பிட்டேன், மாவு மாதிரி, லேசான இனிப்பு.

பாதை சில இடங்களில் இரண்டு அடி அகலம்தான், தடுப்பு கிடையாது, சுண்ணாம்புச் சரளை காலுக்கடியில் உருளும். அப்படி ஓர் இடத்தில் அக்கா பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“என்னால முடியாதுடா. நீ போ, நான் திரும்பிப் போறேன்.”

“கீழ பாக்காதக்கா. என் பையை மட்டும் பாத்துக்கிட்டே வா.”

ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றாள். அப்புறம் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த இருபது அடியைத் தாண்டியதும் அவளே முன்னால் நடக்க ஆரம்பித்தாள், கடைசி வரைக்கும் அவள்தான் முன்னால். செருப்பு, வழுக்கும் அடிப்பாகம் உள்ள ஷூ இரண்டும் வேண்டாம். தண்ணீரைப் பொமெரானோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் நிழல் குறைவு.

நொச்செல்லேயில் எலுமிச்சைச் சாறு விற்கிற ஒரு சின்னக் கடை. அமால்ஃபி எலுமிச்சைக்கு ஸ்ஃபுசாத்தோ என்று பெயர். உள்ளங்கையை நிறைக்கும் அளவு, இரண்டு முனையும் கூர்மை. கடைக்காரர் ஒன்றைத் தோலோடு வட்ட வட்டமாக வெட்டி, மேலே சர்க்கரை தூவிக் கொடுத்தார். தோலோடா என்று தயங்கினேன். வெள்ளைச் சதை நார்த்தங்காயைப் போலத் தடிமன், ஆனால் கசப்பே இல்லை. புளிப்புகூட மெதுவாக, பின்னால்தான் வருகிறது. மூன்று யூரோ, இரண்டு முறை வாங்கினோம்.

அங்கிருந்து கடலோரச் சாலைக்கு இறங்க 1,700 படிகள் என்கிறார்கள். அக்கா ஊருக்குள் ஓடும் சின்ன பஸ்ஸில் போனாள், நான் படியில் இறங்கினேன். பாதி வழியில் மணிச் சத்தம். மூன்று கோவேறு கழுதைகள் முதுகில் இரண்டு பக்கமும் மணல் மூட்டையோடு மேலே வந்தன. வண்டி போகாத வீடுகளுக்கு இன்றைக்கும் இவைதான் சுமக்கின்றன. சுவரோடு ஒட்டி நின்று அவற்றின் காலையே பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் சரியாக இரண்டு எட்டு, பிறகு அடுத்த படி. படிகள் ஏன் உயரம் குறைவாகவும் அகலம் அதிகமாகவும் இருக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. அவை மனிதனை அளந்து கட்டியவை அல்ல. கழுதை மிதிக்கிற நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, சாணை பிடித்த மாதிரி மின்னியது.

பொசிட்டானோவைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. தூரத்தில் இருந்து அழகு, உள்ளே போனால் துணிக்கடையும் கூட்டமும். உட்கார்ந்து குடித்த காபிக்கு 6 யூரோ. திரும்புகிற பஸ் இரண்டு முறை நிரம்பி, எங்கள் நிறுத்தத்தில் நிற்காமலேயே போனது. கடைசிப் படகையும் விட்டுவிட்டோம். இருட்டத் தொடங்கியது. ஒரு டாக்சிக்காரர் அமால்ஃபிக்கு 90 என்றார். சுமார் 16 கிலோமீட்டருக்கு! வேறு வழியில்லாமல் ஏறினோம். இறங்கும்போது பைகளுக்குத் தனியாக 10 கேட்டார். பைகள் எங்கள் மடியில்தான் இருந்தன. அக்கா ஆங்கிலத்திலும் தமிழிலும் சண்டை போட்டாள், அவர் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கொடுத்துவிட்டுத்தான் இறங்கினோம். ஒரு நாள் அறை வாடகையைவிட அதிகம். இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது. காலையிலேயே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்சி என்றால் மொத்தத் தொகையைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

மறுநாள் கோபத்தை ஆற்றியது வல்லே தெல்லே ஃபெரியேரே. ஸ்காலா ஊருக்குக் கீழே பொந்தோனேயில் இருந்து அமால்ஃபிக்கு இறங்குகிற பள்ளத்தாக்கு. முந்தைய நாள் முழுக்க வெயிலும் பாறையும், இங்கே நிழலும் அருவியும் பாசியும். வுட்வார்தியா என்கிற பெரிய பெரணி, பனியுகத்துக்கும் முந்தைய காலத்தின் மிச்சமாக, இந்த ஈரத்தில் பிழைத்து நிற்கிறது. பழைய இரும்பு ஆலையின் சுவர்களுக்குள் மரம் முளைத்திருக்கிறது. இன்னும் கீழே காகித ஆலைகளின் இடிபாடுகள். அமால்ஃபிக்காரர்கள் கந்தல் துணியை ஊற வைத்து, இந்த ஓடைத் தண்ணீரின் வேகத்தில் மரச் சம்மட்டிகளால் இடித்துக் காகிதம் செய்தார்கள். நடை முடிகிற இடத்தில் ஒரு பழைய ஆலையே அருங்காட்சியகமாக இருக்கிறது, சம்மட்டிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். அவசியம் போங்கள். இந்தப் பாதையில் கூட்டமே இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தெய்வங்களின் பாதைக்குத்தான் போகச் சொல்வேன், ஆனால் அக்காவின் ஓட்டு இதற்கு.

மையோரி என்கிற கடலோர ஊரில் இருந்து பக்கத்து ஊரான மினோரிக்கு எலுமிச்சைத் தோட்டங்கள் நடுவே போகிற பாதையும் நடந்தோம். சுலபம், அரை நாள் போதும். சிமெண்ட் இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிய தோட்டச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

செலவைக் கேட்பவர்களுக்கு: விமானமும் சலேர்னோ வரையிலான ரயிலும் போக, இரண்டு பேருக்கு ஐந்து நாளில் 640 யூரோ. நாலு இரவு அறைக்கு 260, பஸ்ஸுக்கும் படகுக்கும் 90, சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாம் 190, மிச்சம் அந்த டாக்சி 100. அது மட்டும் கையில் இருந்திருந்தால் இன்னும் ஒரு ராத்திரி தங்கி, பிரையானோவில் இருந்து தெய்வங்களின் பாதைக்கு ஏறுகிற படிகளையும் பார்த்திருப்போம்.