ரெட்டுக்கு ஃபாலோ

வியாசர்பாடியில எங்க தெருமுனையில ஒரு கேரம் கிளப்பு இருந்துச்சு. கிளப்புன்னதும் பெருசா நெனச்சிக்காதீங்க, ஒரு காம்பவுண்டு சுவத்துல சாய்ச்சு கட்டுன ஆஸ்பெஸ்டாஸ் கொட்டாய், நடுவுல காலி தார் டிரம்மு, அதுமேல போர்டு, போர்டுக்கு மேல தொங்குற 100 வாட்ஸ் குண்டு பல்பு, வெளிச்சம் கண்ணுல அடிக்கக் கூடாதுன்னு பிஸ்கட் டின்ன வெட்டி பல்பு மேல கவுத்திருப்போம், அவ்ளோதான். 1993-ல முதல் தடவ உள்ள நுழையும்போது எனக்கு பத்து வயசு, போர்டு எட்டாம ரெண்டு செங்கல்லு போட்டு ஏறி நின்னேன்.

சின்ன பசங்களுக்கு ஆரம்பத்துல ஆட்டம்லாம் கிடையாது, எடுபிடிதான். பவுடர் வாங்கிட்டு வர்றது, டீ வாங்கிட்டு வர்றது, ராத்திரி மூடும்போது வெள்ள ஒம்பது கருப்பு ஒம்பது ரெட்டு ஒண்ணுன்னு எண்ணி டப்பாவுல போடுறது. போரிக் பவுடருக்கு காசு பத்தலன்னா வீட்லேர்ந்து மூஞ்சி பவுடர சுட்டுட்டு வருவோம், அன்னிக்கு ஃபுல்லா போர்டு கல்யாண வீடு மாதிரி மணக்கும், ஆனா காய் ஓடாது. மழைக்காலம் வந்தா இன்னும் மோசம். பலகை நமத்துப் போன அப்பளம் மாதிரி ஆயிடும், அதனால பல்ப கீழ இறக்கி ஒரு மணி நேரம் சூடு காட்டணும், அந்த நேரத்துல சுத்தி உக்காந்து அடிச்ச வெட்டிக்கதைதான் இப்ப யோசிச்சா ஆட்டத்தவிட நல்லா ஞாபகம் இருக்கு.

கிளப்புக்கு ஒரே ஒரு சட்டம். யாரு யாரோட சண்ட போட்டாலும் அன்னிக்கு சாயங்காலம் டபுள்ஸ்ல ரெண்டு பேரும் ஒரே சைடு. டபுள்ஸ்ல பார்ட்னருங்க எதிரெதிராதான் உக்காரணும் இல்லையா, மூஞ்சியப் பாக்காம ஆடவே முடியாது. எங்க பெரியண்ணன் போட்ட சட்டம் அது, அவருக்கு சோடாபுட்டி கண்ணாடி, ஸ்ட்ரைக்கர அவரு தொட்டா காயி தானா நடந்து போய் பாக்கெட்ல விழும்.

1996-ல நம்ம சென்னைக்காரர் மரிய இருதயத்துக்கு அர்ஜுனா விருது குடுத்தாங்க, கேரமுக்காக அத வாங்குன முதல் ஆளு. பேப்பர்ல வந்தத வெட்டி சோத்துப்பருக்க தடவி சுவத்துல ஒட்டுனோம். அன்னியிலேர்ந்து நாங்க நாலு பேரும் வருங்கால உலக சாம்பியன்தான், கேக்கணுமா! கடைசில ஒருத்தன் ஆட்டோ, ஒருத்தன் கூரியர், நான் ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன், டியூப்லைட்டு (எது சொன்னாலும் லேட்டாதான் சிரிப்பான், அதான் பேரு) வீடு மாறி பெரும்பாக்கம் போயிட்டான். கொட்டாய் எப்பவோ போச்சு. போர்டு மட்டும் ஆட்டோக்காரன் வீட்டு பரண்ல.

எனக்கும் டியூப்லைட்டுக்கும் நடுவுல காசு விஷயம் ஒண்ணு வந்துச்சு. எங்க வீட்டு கல்யாணத்துக்கு நாப்பதாயிரம் குடுத்தான், நான் இழுத்தடிச்சேன், தப்பு என்னுதுதான். குடுத்து முடிச்சும் ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. ரெண்டு பேரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல ஊமையா உக்காந்திருந்தோம்.

2024 நவம்பர்ல வடசென்னை செரியன் நகர் பொண்ணு காசிமா, ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு, 17 வயசு, அமெரிக்கால நடந்த உலகக்கோப்பைல சிங்கிள்ஸ், டபுள்ஸ், டீம்னு மூணு தங்கம் அடிச்சிச்சு பாருங்க, குரூப்பு பத்திக்கிச்சு. ராத்திரி பூரா மெசேஜ். சோடாபுட்டி அண்ணன் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டு போட்டாரு, "காணும் பொங்கலுக்கு போர்ட எறக்குங்கடா, நாலு பேரும் வரணும்."

போனோம். டியூப்லைட்டு ரெண்டு பஸ்சு மாறி வந்திருந்தான், தலையெல்லாம் நரச்சிருக்கு. அண்ணன் யாரையும் ஒண்ணும் கேக்கல, விரல நீட்டி "நீ இங்க, நீ அங்க"ன்னாரு. எதிரெதிரா உக்காந்தோம். அவன் போர்டையே பாக்குறான், நான் பவுடரையே தேய்க்கிறேன்.

நாலாவது ஆட்டத்துல ரெட்ட நான் பாக்கெட்ல போட்டேன். ஃபாலோ போடணும், அதாவது ரெட்டு விழுந்த கையோட நம்ம காயி ஒண்ணையும் போடணும், இல்லன்னா ரெட்டு திரும்ப நடுவுக்கு போயிடும். ஒரு வெள்ளக் காயி என் பக்கம் ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்குது. நான் குனிஞ்சு குறி பாக்கும்போது அந்தப் பக்கத்துலேர்ந்து குரல், "கட் ஷாட்டு வேணாண்டா, எதிர் கட்டையில மோதவிட்டு எடு."

"ஏய் சொல்லித்தரக் கூடாது, ஃபவுலு ஃபவுலு"ன்னு மத்த ரெண்டு பேரும் கத்துறாங்க, அண்ணன் காது கேக்காத மாதிரி டீய ஆத்திக்கிட்டு இருக்காரு.

அவன் சொன்னபடியே அடிச்சேன். காயி வந்துச்சு, வந்து சரியா பாக்கெட் வாயில நின்னுடுச்சு.

ரெட்ட எடுத்து திரும்ப நடுவுல வெச்சோம். "நாதாரி, சொல்லிக்குடுத்தும் அடிக்கத் தெரில"ன்னான். கொஞ்சம் லேட்டா சிரிச்சான்.