தளத்திலிருந்து அரை அடி மேலே: மாடித் தோட்டக் குறிப்பு

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடித் தோட்டம் அக்னி நட்சத்திரத்தையும் அதன்பின் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கடந்துவிட்ட நிலையில், நிழல்வலையைவிடச் செடிப் பைகளைத் தளத்திலிருந்து உயர்த்தி வைத்ததுதான் கூடுதல் பயன் தந்தது என்று சொல்ல முடிகிறது.

பாதிப் பைகளைத் தளத்திலேயே விட்டுவிட்டு, மீதியைச் செங்கற்களின் மேல் குறுக்கே போட்ட சவுக்குக் கட்டைகளில் அரை அடி உயரத்தில் வைத்தேன். செம்மண், உப்புப் போகக் கழுவிய தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் என்ற கலவையும் 50 சதவீத நிழல்வலையும் இரண்டு வரிசைக்கும் பொதுவானவை. கடற்காற்று தாமதமாக வீசும் மே மாத நாட்களில், கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மாலையில் மெல்ல விடுவதால், தளத்தில் இருந்த பைகளின் அடிமண் இருட்டிய பிறகும் சூடு குறையாமல் இருந்தது. வெண்டை அதைத் தாங்கிக்கொண்டது. கத்தரியோ மண் ஈரமாக இருக்கும்போதே துவண்டது. வேர் சூடேறினால் இருக்கும் நீரையும் அதனால் உறிஞ்ச முடியாது என்பதால், அந்நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவது அழுகலுக்கே வழிவகுக்கும். உயர்த்திய வரிசையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. தக்காளி மட்டும் இரு வரிசையிலும் பூவை உதிர்த்தது. இரவுச் சூடு தணியாதவரை அது காய் பிடிக்காது, ஆவணியில் விதைப்பதே முறை.

மழைக்காலத்தில் வேறுபாடு இன்னும் தெளிவாயிற்று. தளத்தோடு ஒட்டிய பையின் துளைகளைக் கசிந்த சேறே அடைத்துவிடுகிறது. உயர்த்திய பையிலோ நீர் தடையின்றிச் சொட்டுகிறது. அடியில் கூழாங்கல் பரப்பினால் போதும் என்று பலர் சொல்வதுண்டு. ஆனால், நுண்ணிய மண் முழுதும் நனைந்து நிறையும்வரை நீர் கல்லுக்குள் இறங்காது; ஆகவே சொதசொதப்பான பகுதி வேருக்கு அருகில் ஏறுவதுதான் மிச்சம். துளை மேல் ஒரு பழைய வலைத்துண்டே போதுமானது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு கலந்தது. கோடையில் மண்ணின் மேல் வெண்மை படியும்போது, அடியில் நீர் வழியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டியிருந்தது. வடிகால் சரியாக இல்லாத பையில் இது நடவாது.

மீதிப் பைகளையும் பங்குனிக்குள் உயர்த்திவிட எண்ணியுள்ளேன். கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் மறுபடியும் சவுக்குதான். செம்மண் மட்டும் நிரப்பினால் ஒரு கன அடி நனைந்த நிலையில் 50 கிலோவை நெருங்கும் என்பதால், கனமான பைகள் தளத்துக்குக் கீழே சுவரும் உத்தரமும் ஓடும் வரிசையிலேயே இருக்கும்.